கல்யாண பீருக்கு யார் வீட்டு ஈஸ்ட்?

"கல்யாண பீர் தலைமுறை தலைமுறையா நாங்க காப்பாத்திட்டு வர்ற எங்க வீட்டு ஈஸ்ட்லதான் பொங்கணும். இல்லேன்னா பொண்ணு கிடையாது" என்றார் ஒட்வார்.

"எங்க ஈஸ்ட் விழலேன்னா மாப்பிள்ளையும் கிடையாது சம்பந்தி" என்றார் பக்கத்துப் பண்ணை சிகுர்ட்.

"ரெண்டையும் கலந்துட்டா என்ன?" என்றாள் மணப்பெண் தோரில்.

"கலப்படமா?" இதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

அவர்கள் ஊரான வாஸ் பக்கம், ஈஸ்ட் ஊற்றும்போது உரக்கக் கத்த வேண்டும் என்பது வழக்கம். அப்போதுதான் பீருக்கு வீரியம். அன்று தனியாகக் கத்தத் தேவையிருக்கவில்லை. சம்பந்திகளின் சண்டை உச்சத்தில் இருந்தபோது, தோரில் இரண்டு ஜாடிகளையும் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாக, "உங்களுதுதான் ஊத்தினேன். அவர்கிட்ட சொல்லாதீங்க, பாவம்" என்றாள்.

கல்யாணத்தன்று இருவரும் குடித்தார்கள். இருவர் முகத்திலும் ஜெயித்த சிரிப்பு.

தோரில் அம்மாவின் காதைக் கடித்தாள். "ரெண்டையும் கலந்துட்டேம்மா. அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார்."

"எந்த ரெண்டைடி?" என்றாள் அம்மா. "நம்மளுது நீ பொறந்த வருஷமே செத்துப்போச்சு. உன் மாமியார்கிட்டதான் வாங்கி வச்சேன். போன வருஷம் அவங்களுது செத்தப்போ, அவ என்கிட்ட வாங்கிட்டுப் போனா. நாங்க சம்பந்தியாகி ரொம்ப நாளாச்சு. உங்க கல்யாணம்தான் லேட்டு."