குழியோரச் செருப்பு

அருங்காட்சியகத்தில் நேரில் நிற்பதுபோலவே படம் காட்டும் மெய்நிகர்க் கருவியைக் கண்ணில் மாட்டிவிட்டார்கள். போன ஆண்டு மண் சரிந்து சொரிமுத்துவைக் கொன்ற அகழாய்வுக் குழி, அவர் மனைவி பிச்சம்மாளின் முன் சரியாமல் திறந்து கிடந்தது. மண் சரிவதற்கு முன், அன்று காலையில் எடுத்த படமாம். பானையோடுகள் மிதிபடக் கூடாதென்று வேலையாட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குழிக்குள் இறங்குவார்கள். விளிம்பில் ஒரு ஜோடி கிடந்தது. இடது வாரில் அவள் குத்திக்கொடுத்த ஊக்கு.

“எங்க வீட்டுக்காரர் செருப்புய்யா. அப்ப உள்ளதான நிக்காரு. கீழ எறங்கிப் பாக்கலாமா?”

“மேல நின்னு பாக்க மட்டுந்தாம்மா,” என்றார் கருவியை மாட்டிவிட்ட ஊழியர். “அந்தச் செருப்பு தெரியாம படத்துல விழுந்துட்டு. நாளைக்கு அழிச்சிருவாங்க.”

எடுத்துக்கொள்ளக் குனிந்தாள். செருப்பு அப்படியே இருந்தது. அவளுடைய கைகளைத்தான் அங்கே காணவில்லை.