பின்னால் நிற்கிறவர்

"அந்தம்மாவுக்கு லைசென்ஸ் குடுத்தவனை முதல்ல உள்ள தள்ளணும்," என்றாள் க்ளெண்டா, மடக்கு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டபடி.

அரிசோனா பாலைவனத்தில் இருக்கும் எங்கள் முகாமில் தியேட்டர் கிடையாது. ரிட்டயராகி, வீட்டை விற்று, பஸ் அளவுக்கு ஒரு வண்டி வாங்கி அதிலேயே குடும்பம் நடத்துகிற எங்களுக்கு ஒரே பொழுதுபோக்கு, புதிதாக வருகிறவர்கள் ரிவர்ஸ் எடுத்து வண்டியை நிறுத்துகிற அழகைப் பார்ப்பதுதான். ஆளுக்கொரு நாற்காலி, கையில் பியர். நாங்கள் வந்த அன்று எதையெல்லாம் இடித்தோம் என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

அன்று சாயங்காலம் வந்தவர்கள் ராபர்ட்டாவும் அவள் புருஷன் வெண்டெலும். ஓட்டியது ராபர்ட்டா. வெண்டெல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய், டிராஃபிக் போலீஸ் தோரணையில் கையைத் தூக்கினார்.

"வரலாம், வரலாம். லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. வா."

லெஃப்ட்டில் ஒடித்தால் கரன்ட் கம்பம். எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது. ராபர்ட்டா சமர்த்தாக ஒடித்தாள். டயர் கம்பத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"முன்னாடி எடு, முன்னாடி எடு. நான் சொல்றதை மட்டும் கேளு ராபர்ட்டா. நீயா எதுவும் பண்ணாதே."

"சரிப்பா. நீ சொல்லு, நான் வரேன்."

"இந்த ஆளோட எப்படித்தான் இத்தனை வருஷம் குப்பை கொட்டினாளோ," என்றாள் க்ளெண்டா. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அடுத்தவர் மனதில் என்ன படும் என்பது அவள் டிபார்ட்மென்ட் இல்லை.

அவள் புருஷன் டுவேன் எதிர்க்கட்சி. "கண்ணாடின்னு ஒண்ணு வண்டியிலயே இருக்கு. அதைப் பாக்கத் தெரியல அந்தம்மாவுக்கு. அவரைச் சொல்லி என்ன பண்றது?"

ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் போய் ஒருவழியாக வண்டி நின்றது. வெண்டெல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு அந்தக் கம்பம் காலி."

நாங்கள் கைதட்டினோம். பாவம், அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பொதுக்கூடத்தில் எல்லோருக்கும் பான்கேக். டுவேன் வெண்டெலை அழைத்துக்கொண்டு போய்விட்டான். அந்த நேரம் பார்த்து ராபர்ட்டாவின் வண்டிக்கு அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. முகாம் மேனேஜர் ஓடி வந்தார்.

"மேடம், எதிர்ல ஒரு இடம் காலியா இருக்கு. வண்டியை உடனே அங்க மாத்தணும்."

இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே சந்து மாதிரி ஓர் இடம். க்ளெண்டா காபியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். "காலைக் காட்சி ஆரம்பம்."

ராபர்ட்டா கூடத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஏறினாள். ரிவர்ஸில் ஒரே வளைப்பு. இரண்டு பக்கமும் கையளவு இடைவெளி விட்டு, வண்டி நேராகப் போய் உட்கார்ந்தது.

க்ளெண்டாவின் காபி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அப்ப நேத்து நடந்தது என்னம்மா?"

ராபர்ட்டா இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ரிட்டயராகிற வரைக்கும் ஸ்கூல் பஸ் ஓட்டினவ. அவன் லாரி ஓட்டினவன். ரெண்டு வருஷம் முன்னாடி அவனுக்குக் கண்ணு போயிடுச்சு. இப்ப வெறும் நிழல்தான் தெரியும். 'நான் இனிமே ஒரு மூட்டை. வண்டியை வித்துட்டு என்னை எங்கயாவது ஹோம்ல தள்ளிடு'ன்னு படுத்தவன் எழுந்திரிக்கவே இல்ல. சோறு தண்ணி இறங்கல. வயசாச்சு, இந்த நீள வண்டிக்கு எனக்கு ரிவர்ஸ் வரவே வராது, பின்னாடி நீ நின்னாதான் ஆச்சுன்னு சொல்லித்தான் வெளிய கூட்டிட்டு வந்தேன்."

"கம்பத்துல இடிச்சியே?"

"ஒவ்வொரு ஊர்லயும் ஒரு இடி இடிச்சுடுவேன். டயரால, மெதுவாத்தான். இல்லேன்னா சந்தேகம் வந்துடும். பின்னாடி கேமரா இருக்கு. அவன் நிக்கற இடத்தை விட்டு என் கண்ணு நகராது."

க்ளெண்டா ஒன்றும் சொல்லவில்லை. இது அந்த முகாமில் ஒரு சாதனை.

டுவேனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெண்டெல் திரும்பி வந்தார். தன் இடத்தில் கையை நீட்டித் தடவினார். அங்கே வண்டி இல்லை.

"குழாய் உடைஞ்சு போச்சு சார்," என்றார் மேனேஜர். "எதிர்ல மாத்தியாச்சு. உங்க வீட்டம்மா ஒரே எடுப்புல..."

வெண்டெலின் கை அப்படியே நின்றது.

"பின்னாடி யாரு நின்னா?"

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ராபர்ட்டா வாயைத் திறந்தாள்.

"யாரும் நிக்கலியா ராபர்ட்டா? நீயே எடுத்துட்டியா?" அவர் குரல் சன்னமாகிவிட்டது.

"நான்தான் நின்னேன்," என்று குறுக்கே விழுந்தாள் க்ளெண்டா. "ஒரே எடுப்புல என் கள்ளிச்செடித் தொட்டி ரெண்டையும் நசுக்கிட்டா உங்க மகாராணி."

தொட்டி இரண்டும் அவள் காலடியில் பத்திரமாக இருந்தன. மேனேஜர் அவற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். க்ளெண்டா அவரை ஒரு முறை முறைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு வெண்டெல். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனிமே பின்னாடி நீங்க நிக்காம அவளை வண்டியைத் தொட விடாதீங்க."