வேலைக்காரி வசனம்

"பாருங்க, இவளுக்கு நடிப்பே தேவையில்லை. வாயைத் திறந்தா போதும், வேலைக்காரி வந்துடுவா!"

ஆங்கிலப் பேராசிரியர் ஷ்யாம்சுந்தர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. புத்தகத்தைப் பிடித்தபடி நின்ற ஜெயக்கொடிக்குக் காது மடல் எரிந்தது.

பாடம், ஒரு பழைய ஆங்கில நகைச்சுவை நாடகம். எஜமானிக்கு ஒரு பேச்சு, வேலைக்காரிக்கு ஒரு பேச்சு. அந்த வித்தியாசம் புரிய வேண்டும் என்று காட்சிகளைத் தமிழில் எழுதிவந்து படிக்கச் சொல்வார். எஜமானி வசனம் எப்போதும் தாம்பரத்துக் காலனிப் பெண் சின்மயிக்கு. வேலைக்காரி வசனம் படப்பையிலிருந்து பஸ்ஸில் வரும் ஜெயக்கொடிக்கு.

"இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லணும்மா. 'இன்னாத்துக்கு இப்ப கூவிகினு கீறே? அப்பால வர்றேன் போ!' இப்படி."

அச்சு அசல். அவளுடைய அத்தையே எதிரில் நின்று பேசுவதுபோல இருந்தது. மறுபடியும் சிரிப்பு.

அன்று பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படப்பை வருவதற்குள் அழுகை நின்றுவிட்டது. இந்த ஆளை விடக் கூடாது.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். வீட்டில் மூச்சு விடாமல், வண்டலூரில் பழக்கடை வைத்திருக்கும் அத்தை கிளியம்மாளைக் கூட்டிவந்தாள். கிளியம்மாள் வாயைத் திறந்தால் டிராஃபிக் போலீஸ்காரரே வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்.

"பிரின்சிபால், பெத்தவங்க எல்லாரு முன்னாடியும் கேக்கணும் அத்தை. அந்தாளு நாக்கைப் புடுங்கிக்கணும்."

"நீ கம்முனு குந்து. எம்மருமவளையா வேலைக்காரின்னான்? இன்னிக்கு அவன நாறடிக்கிறேன் பாரு."

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஷ்யாம்சுந்தர் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கிளியம்மாள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

"யோவ் வாத்தியாரே! திரும்புய்யா இப்படி!"

முன்வரிசையில் பிரின்சிபால் எழுந்தே விட்டார். ஜெயக்கொடிக்கு உடம்பெல்லாம் இனித்தது.

நீட்டிய விரல் அந்தரத்தில் நிற்க, அத்தை பேச்சை நிறுத்திவிட்டாள். பேராசிரியரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஷ்யாம்சுந்தர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். கழுத்து வேர்த்திருந்தது. மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை நீட்டிய விரலை இறக்கினாள்.

"டேய், பக்கத்து வூட்டு சாமுதானேடா நீ? பத்துப் பாத்திரம் தேச்சு உன்னப் படிக்க வெச்ச ஒங்கம்மா, நீ வருவேன்னு இன்னும் வாசல்லயே குந்திகினு கீதுடா!"