முதல் நன்றி

பட்டாசுச் சத்தம் கேட்டதும் செபாஸ்தியம்மாள் மடியிலிருந்த மல்லிகைப் பூவை வரப்பிலேயே கொட்டிவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். புது எம்.எல்.ஏ. ஞானராஜின் திறந்த ஜீப், ஒத்தப்பாறைப்பட்டி விலக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜெயித்து மூன்றே நாள் ஆகிறது. தொகுதி முழுக்க நன்றி சொல்லிச் சுற்றக் கிளம்பிய மனுஷன், முதல் ஊராக இங்கேதான் வருகிறார்.

"பாத்தீகளா சித்தப்பு, வர வச்சுட்டோம்ல?" என்றாள், ரோட்டோரம் நின்ற முத்துச்சாமியிடம்.

கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓட்டுப்பதிவு அன்றிலிருந்தே அவர் இவளோடு சரியாகப் பேசுவதில்லை. இவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஓட்டுக்கூட விழாத ஊரைத் தேடி எம்.எல்.ஏ. வருகிறார் என்றால் சும்மாவா? அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வருஷமாக டவுன் குப்பை மொத்தமும் அவள் தோட்டத்தை ஒட்டிய பழைய கல்குழியில்தான் வந்து விழுகிறது. கொளுத்திவிட்டுப் போனால் ராப்பகலாகப் புகைகிறது. கிணற்றுத் தண்ணீர் கறுத்துப்போய், மாடுகூட வாய் வைப்பதில்லை. இதில் கொடுமையைக் கேளுங்கள்: டவுன் பூ மார்க்கெட்டில் இவள் மல்லியை மோந்து பார்த்துவிட்டு, குப்பை வாடை அடிக்கிறதென்று திருப்பி விடுகிறார்கள். யார் வீட்டுக் குப்பை அது? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

தேர்தலில் ஞானராஜ் டவுன் முழுக்கச் சுற்றி, ஒரு தெருவிலும் குப்பை தேங்காது என்று வாக்குக் கொடுத்தார். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று டவுனில் ஒருத்தரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

எதிர்த்து நின்ற நாச்சிமுத்து பட்டிதொட்டியெல்லாம் சுற்றியவர். கல்குழியை மூடிவிடுகிறேன், ஓட்டை மட்டும் போடுங்கள் என்று இந்த ஊருக்கு மூன்று தடவை வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஞானராஜோ இந்தத் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. அம்புட்டுத் திமிர் என்று ஊரே காறித் துப்பியது.

தேர்தலைப் புறக்கணிக்கும் யோசனையைச் சொன்னது அசோக்குமார். டவுன்காரன்தான், ஆனாலும் சொந்தத் தம்பி மாதிரி. இவள் குப்பை லாரியை மறித்த அன்று வெயிலில் கூடவே உட்கார்ந்தவன். சின்னாளப்பட்டியிலிருந்து பந்தலும் கறுப்புக் கொடியும் கொண்டுவந்து இறக்கினான்.

"எவனும் யோக்கியன் இல்லக்கா. உங்க பூத்துல பூஜ்ஜியம் விழுகட்டும், மேல உள்ளவனெல்லாம் ஆடிப்போயி உங்க ஊரத் தேடி வருவான்" என்றான். எத்தனையோ பேர் வாக்குக் கொடுத்து ஏமாற்றிய ஊர். அவன் சொன்னது எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது.

முத்துச்சாமிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஓட்டுப்பதிவு அன்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்துவிட்டார். இவள்தான் குறுக்கே போய் நின்றாள்.

"நம்மகிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான தாயி? அதையும் விட்டுட்டு எதை வச்சுக் கேக்கப்போற?"

"இன்னைக்கு ஒரு நாளு பொறுங்க சித்தப்பு. குழிய மூடுறது எம்பொறுப்பு."

கிழவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். எழுபத்தெட்டு வயதில் அவர் ஓட்டுப் போடாத முதல் தேர்தல் அது. சாயங்காலம் ஆபீசர்கள் வெறும் பெட்டியோடு வண்டியேறியபோது ஊரே விசிலடித்தது.

ஜீப் வந்து நின்றது. ஞானராஜ் இறங்க, பின்னாலேயே அசோக்குமாரும் குதித்தான். 'சொன்ன மாதிரியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டானே பிள்ளை' என்று செபாஸ்தியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரார் கையெழுத்துப் போட்ட மனுவை எடுத்து நீட்டினாள். ஞானராஜ் அதைப் பிரிக்காமலே டிரைவரிடம் கொடுத்தார்.

"இவுகதான்ணே செபாஸ்தியம்மாக்கா. ஒத்த ஆளா நின்னு சாதிச்சவுக" என்றான் அசோக்குமார்.

ஞானராஜுக்கு வாயெல்லாம் பல். அவன் நீட்டிய பொன்னாடையை வாங்கித் தம் கையாலேயே அவள் தோளில் போர்த்தினார். கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். இருபது வருஷத்துக்கு முன் கல்யாணத்தன்று மாலை போட்டதற்குப் பிறகு, அவள் தோளில் யாரும் எதுவும் போட்டதில்லை.

"அப்ப குழிய மூடிருவீகளாய்யா?"

"அதெப்படித் தாயி? டவுன் சனத்துக்குக் குடுத்த வாக்கு இருக்குல்ல. நாளையிலருந்து இன்னும் நாலு லாரி கூடத்தான் வரும்" என்றார், கொஞ்சமும் கோபமில்லாமல்.

செபாஸ்தியம்மாள் அசோக்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜீப்பிலிருந்த மாலைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

"பெறகு எதுக்குய்யா மொத ஆளா எங்க ஊருக்கு வந்தீக? இங்கதான் உங்களுக்கு ஒரு ஓட்டும் விழுகலையே?"

ஞானராஜ் ஜீப்பில் ஏறி நின்று, அவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"முந்நூத்திப் பதினாறு ஓட்டுலதான் ஜெயிச்சேன். உங்க ஊரு தொள்ளாயிரம் பேரும் ஓட்டுப் போட வந்திருந்தா, நான் தோத்திருப்பேன் தாயி."