பதினாலு மணி நேரம்

“வாயை மூடுங்கப்பா, ஆரம்பிச்சுட்டான்!” என்று அக்கா அதட்டியதும் நாற்காலிகள் டி.வி.யை நோக்கி நகர்ந்தன. பிஸ்கட் பொட்டலம் கைமாறியது. யாரோ எழுந்துபோய் ஜன்னல் சீலையை இழுத்துவிட்டார்கள்.

சுவரில் மாட்டியிருந்த டி.வி.யில் ஒரு இளைஞன் தோன்றினான். காகம் என்பது அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். கையில் வைத்து ஆடுகிற வீடியோ விளையாட்டு மெஷின் புதிதாக எது வருவதாக இருந்தாலும், அதில் என்னென்ன இருக்கும் என்று எல்லோருக்கும் முந்திக் கரைவது அவன் பிழைப்பு.

“வெள்ளிக்கிழமை புது மெஷின் அறிமுகம். இன்னும் மூணே நாள்! எனக்குக் கம்பெனிக்கு உள்ள ஆள் இருக்கு மக்களே. எல்லாம் தெரிஞ்சுபோச்சு.”

அறையில் இருந்த நான்கு பேரும் மூன்று வருடமாக இந்த மெஷினைத் தவிர வேறு பேச்சே இல்லாதவர்கள். எதைப் பற்றி ஓயாமல் பேசினார்களோ அதுவே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. மெஷின் கொதித்துவிடுமோ என்று கவலைப்படுகிறவர் சூடு. திரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சண்டை போடுகிறவள் கண்ணாடி. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற ஒரே நினைப்பில் இளைத்துப்போனவன் பேட்டரி. எல்லோருக்கும் மூத்தவள் வெறும் அக்கா.

வாசலோரம் இருந்த தகர டப்பாவுக்குள் ஒரு செல்போன் அதிர்ந்தது. போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். பேட்டரி போய் எடுத்தான். தங்கை.

“அண்ணா, டிக்கெட் எடுத்தியா இல்லியா?”

“எடுத்தாச்சும்மா. சனிக்கிழமை காலைல முதல் வண்டி.”

“வீடு மாத்தின அன்னிக்கும் இப்படித்தான் சொன்னே. அப்பாவும் இல்ல. ஞாயித்துக்கிழமை நான் கல்யாணக் கையெழுத்துப் போடறப்ப என் பக்கத்துல நிக்க உன்னை விட்டா யார் இருக்கா?”

“நான் நிப்பேன். வெள்ளிக்கிழமை அது வெளிய வந்துட்டா, அப்புறம் நான் உன் ஆளு.”

“அந்த மெஷினையே கட்டிக்கிட்டு அழு!” என்று அவள் போனை வைத்துவிட்டாள். குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

அவன் திரும்பி வந்தபோது காகம் துள்ளிக்கொண்டிருந்தான். “திரையை ரெண்டா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கலாம்!”

கண்ணாடி வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட் பாதி வழியில் நின்றது. “மடிக்கிறதா? அதென்ன கைக்குட்டையா?”

“உள்ள காத்தாடியே கிடையாது. நாள் முழுக்க ஆடினாலும் ஜில்லுனு இருக்கும்!”

“இருக்கும், இருக்கும். ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்து ஆடினா இருக்கும்” என்றார் சூடு. யாரும் சிரிக்கவில்லை.

வேடிக்கைதான். காகம் சொன்ன ஒவ்வொரு நல்ல சேதிக்கும் அந்த அறையில் ஒரு முகம் வாடியது.

“ரொம்ப ஆசை காட்டறான்க்கா. நாளைக்கு இதெல்லாம் இல்லேன்னு ஆனா மனசு விட்டுப்போயிடும்” என்றாள் கண்ணாடி.

காகம் குரலைத் தாழ்த்தினான். “கடைசியா ஒண்ணு. கேட்டா மயங்கி விழுந்துடுவீங்க. ஒரு தடவை சார்ஜ் போட்டா பதினாலு மணி நேரம்!”

டி.வி.யின் ஓரத்தில் ரசிகர்கள் எழுதுவது மளமளவென்று ஏறியது. ‘பதினாலா! பழச இன்னிக்கே வித்துடறேன்.’ ‘இது மட்டும் பொய்யா இருந்தா தொடக்கூட மாட்டேன்.’ ‘தினம் நாலு மணி நேரம் பஸ்ல போற எனக்குன்னே செஞ்சிருக்காங்க. செஞ்ச கைக்கு ஒரு முத்தம்.’

பேட்டரி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். “உள்ள ஆள் இருக்குங்கறானே, யாரு சார் அது?”

“ஆளாவது ஒண்ணாவது! காலைல பல் தேய்க்கறப்ப தோணியிருக்கும், சொல்லிட்டான்” என்றார் சூடு.

டப்பா மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை அக்காவின் போன். அவள் நடைக்குப் போய்ப் பேசினாள். “சரிங்க ஐயா... பாத்தோங்க ஐயா... இல்லீங்க, அது எப்படீங்க...” என்பது மட்டும் உள்ளே கேட்டது.

உள்ளே வந்தவள் முதல் காரியமாக டி.வி.யை அணைத்தாள்.

“பெரியவரும் பாத்துட்டாராம். குதிக்கிறார். திரை மடியலேன்னாலும் பரவாயில்லையாம், சூடானாலும் பரவாயில்லையாம். பதினாலு மணி நேரம் மட்டும் இருந்தே ஆகணுமாம்.”

“அவருக்கென்ன, சொல்லிட்டுப் போவார்” என்று கண்ணாடி முணுமுணுத்தாள்.

பேட்டரி நிமிர்ந்து பார்த்தான். “அக்கா, சனிக்கிழமை காலைல எனக்கு வண்டி.”

அக்கா அவன் தோளில் கைவைத்தாள்.

“தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன் தம்பி. வெள்ளிக்கிழமை அறிமுக மேடையில பெரியவர் பதினாலுன்னுதான் சொல்லப் போறார். நாம செஞ்சு வெச்சிருக்கறது ஆறுதான்.”