வெள்ளி முழுக்கு

ஆதிரையை ஜெர்மன் அரசாங்கம் வளர்ப்புக் குடும்பத்திடம் கொடுத்து ஒன்றரை வருடமாகிறது. அவள் இருப்பது ஸ்டுட்கார்ட்டில், தாய் சாரங்கா கெல்சென்கிர்ச்சனில். மாதத்தில் ஒரு மணி நேரம் பார்க்கலாம். மகளிடம் ஜெர்மனில்தான் பேசவேண்டும்.

வீட்டில் இருந்தபோது வெள்ளிதோறும் மகளின் சுருள்முடிக்கு நல்லெண்ணெய் தேய்த்து முழுக வார்ப்பது சாரங்காவின் வழக்கம்.

இம்முறை சந்திப்புக்கு முன், அதிகாரிகளோடு அவள் பேசுவதற்கு உதவும் மொழிபெயர்ப்பாளர் அரியரத்தினம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமையில பிள்ளை பள்ளியால வரேக்க தலை முழுக்க எண்ணெயாம். உச்சி சூடாயிருக்காம். நீங்கள் களவாய் வந்து வைக்கிறியள் எண்டு வளர்க்கிற மனிசி சொல்லுது. இனியும் நடந்தால் சந்திப்பை நிப்பாட்டிப்போடுவினம்."

"நானூறு கிலோமீற்றர் அண்ணை! வெள்ளியில எனக்கு வேலை."

"ஓம், பறந்தோ வாறா எண்டு நானும் கேட்டன். ஒருத்தரும் சிரிக்கேல்லை."

பிறகு ஆதிரை வந்தாள். ஜெர்மன் பிள்ளைகளைப் போலத் தாய்க்குக் கைகொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாரங்கா தபால் கிடங்கில் பொதிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் கையுறைகளைக் கழற்றினாள். உள்ளங்கைகள் இரண்டிலும் எண்ணெய் மினுங்கியது. விரலிடுக்கில் ஒரு சுருள்முடி இருந்தது. கழுவிவிட்டால் சந்திப்பை நிறுத்தமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. குழாயடிவரை போனாள். தண்ணீரைத் திறக்காமல், இரு கைகளாலும் முகத்தை மூடி, அந்த மணத்தை இழுத்தபடி நின்றாள்.