ஒரு குப்பி மண்

வேலிக்கு வெளியே மண்டியிட்டு, கம்பி இடுக்கில் கையை நுழைத்தான் ஜஸ்டஸ்.

நானூறு வருஷத்து மரம். சுற்றிலும் பஹ்ரைன் பாலைவனம். எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறதோ, யாருக்கும் தெரியாது. குதைபியாவில் ஏற்றிய டாக்சிக்காரன் இரண்டு தடவை வழி தவறி, உச்சி வெயிலில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தான்.

மடியில் காலி ஹார்லிக்ஸ் குப்பி.

காவலாளி ஹசன் அலி தடியால் வேலியைத் தட்டினார். “என்ன பாய், பிள்ளை வேணுமா, விசா வேணுமா?” இந்தியில் கேட்டுவிட்டு அவரே சிரித்தார். வேண்டுதலுக்கு மண் எடுக்க வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்தாயிற்று.

“செத்துப்போன ஒருத்தனுக்கு பாய்.”

சிரிப்பு நின்றுவிட்டது. மரத்தை மட்டும் தொடாதே என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மண் கேட்டிருந்தது ஷிஜி. இங்கே அவனோடு ஒரே படகில் மீன்பிடித்த ரெஜினின் மனைவி. நாளை ஜஸ்டஸ் ஊருக்குக் கிளம்புகிறான். காலையில் மறுபடியும் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

“அண்ணே, கல்லறை மண்ண மறந்திராதிங்க. இஞ்ச அதப் போட குழி வெட்டியாச்சு. பயலு இன்னும் அப்பா வருவாருண்ணு வாசல்ல போயி நிக்கியான். மண்ணக் காட்டினாத்தான் நம்புவான்.”

முதலில் இங்குள்ள கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனான். ஒவ்வொரு மேட்டிலும் வேறு யாரோ ஒருவரின் பெயர். குப்பியைத் திறக்க மனசு வரவில்லை.

பிறகுதான், இந்தத் தீவில் கடலுக்கு எட்டாத இடம் எது என்று நாலு பேரிடம் விசாரித்து இங்கே வந்தான்.

குப்பி நிறைந்தது. வெளியே கொட்டி, சிப்பித் துணுக்கு ஏதும் கிடக்கிறதா என்று விரலால் கிளறிப் பார்த்து மறுபடி நிரப்பினான். ஷிஜி கடற்கரையில் பிறந்தவள். மணலைப் பார்த்தே எந்தத் துறை என்று சொல்லிவிடுவாள். கண்ணுக்குத் தப்பினாலும் உதட்டுக்குத் தப்பாது; முத்தமிடாமல் அதைக் குழியில் போடமாட்டாள்.

ரெஜினைக் கடல் திருப்பித் தரவேயில்லை. பதினோரு நாள் தேடினார்கள். உடம்பு கிடைத்தது, நல்லபடியாக அடக்கம் பண்ணியாயிற்று என்று அவளுக்குப் போனில் சொன்னவன் ஜஸ்டஸ்.

ஒரு சிட்டிகை எடுத்து உதட்டில் வைத்தான்.

இங்கேயும் உப்புக் கரித்தது.